காற்று இல்லை என்று சொன்னவனுக்கு

கண்ணு,

உன் கார் தெருமுனை திரும்பிப் போனதிலிருந்து கராஜில் நீ நிறுத்துகிற இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அப்பா தன் பழைய டிரெட்மில்லை அங்கே தள்ளப் பார்க்கிறார், நான் விடவில்லை. வழக்கமாக உனக்குச் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் சொல்வேன், நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போடுவாய், அதோடு கதை முடிந்துவிடும். இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில், வெளியூர் போன பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதும் கடிதங்களைப் போடுகிறார்களாம். நீங்களும் ஒன்று எழுதுங்கள் டாக்டர் என்று கேட்டார்கள். எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது, ஊரிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். தமிழில்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன் பார்க்கப்போகிறேன். ஃபோனில் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொல்லாதே. படித்து முடித்ததும் நான் கேள்வி கேட்பேன்.

ஊருக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் நம் லிவர்மோர் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், என் மகன் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோளில் காற்றைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. அங்கே காற்று இல்லை என்று கண்டுபிடித்தான். அப்படியா, பாவம் என்று யாரும் முகத்தைத் தொங்கப் போட வேண்டாம். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மலரைப் படிப்பவர்களுக்காக என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மயக்க மருந்து டாக்டர். அறுவை சிகிச்சை செய்தவரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பூங்கொத்து அவருக்குப் போகும். தூங்கவைத்து, மூச்சைக் கையில் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, திரும்ப எழுப்பிவிட்டவளை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. அவர்கள்தான் தூங்கிக்கொண்டிருந்தார்களே. என் பக்கத்தில் ஒரு கருவி இருக்கும். நோயாளி வெளியே விடுகிற மூச்சில் கொஞ்சத்தை அது உறிஞ்சி எடுத்து, அதன் ஊடே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். மூச்சில் இருக்கும் கரியமில வாயு அந்த ஒளியில் தனக்குப் பிடித்த ஒரு பகுதியை மட்டும் விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்து மானிட்டரில் ஒரு கோடு ஓடும். மூச்சை விட்டால் கோடு எழும்பி மேடாகும், உள்ளே இழுத்தால் தரைக்கு இறங்கும். மேடு, தரை, மேடு, தரை. என் வாழ்நாளில் உன் முகத்தைப் பார்த்ததைவிட அந்த மேட்டைப் பார்த்ததுதான் அதிகம் என்று நீ ஒருமுறை கோபத்தில் சொன்னாய். கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளை வேலை இடத்துக்கு அழைத்து வரும் நாள் என்று ஒன்று வருமே, அன்றைக்கு உன்னையும் கூட்டிப்போனேன். அப்போது நீ இரண்டாம் கிரேடோ மூன்றாம் கிரேடோ. ஆள் இல்லாத ஓர் அறையில் அந்தக் கருவியின் குழாயை உன் மூக்கருகே வைத்தேன். திரையில் மேடு எழுந்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. வேகமாக ஊதினாய், மெதுவாக ஊதினாய், பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி ஊதினாய். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டாய். கோடு தரையோடு தரையாகப் போக, கன்னமெல்லாம் சிவக்க, திரையைக் கையால் காட்டிவிட்டு, தாங்க முடியாமல் மூச்சை விட்டதும் சொன்னாய்: "அம்மா, லுக், ஐ வாஸ் டெட்." பக்கத்தில் இருந்த நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்பது கடைசியில் வரும்.

நீ வானியலுக்கு எப்படி வந்தாய் என்று யார் கேட்டாலும் ஒரு கேம்பிங் கதை வைத்திருக்கிறாய். அப்பா கூடாரத்தைக் கட்டத் தெரியாமல் கட்டி, அது சரிந்து, எல்லாரும் வெட்டவெளியில் படுத்து நட்சத்திரம் பார்த்தோம் என்று. கேட்பவர்கள் உருகிப்போகிறார்கள். என் கருவியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பரவாயில்லை. பெற்றவளுக்கு அந்த அளவு பெரிய மனசு இருக்கிறது. ஆனால் ஊருக்கு எழுதும்போது சொல்லிக்காட்டாமல் இருக்கிற அளவுக்குப் பெரிய மனசு இல்லை.

நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்பது ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் வாய்க்குள் நுழையாத நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனைப் பார்ப்பாய். பிறகு ஒரு டிசம்பர் லீவில் சான்டா கிளாராவில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம், பின்சீட்டில் அரிசி மூட்டை, கறிவேப்பிலை வாசனை, நான் ஓட்டுகிறேன். மலையைத் தாண்டி நம் பள்ளத்தாக்கில் இறங்கினால் ஒரே பனிமூட்டம். எதிரில் வருகிற வண்டியின் ஹெட்லைட்டைக் காட்டி நீ சொன்னாய்: "அம்மா, அந்த லைட் நம்ம கிட்ட வர்றதுக்கு ஃபாக் வழியா வருது இல்ல? ஸோ லைட்டைப் பார்த்தே ஃபாக்ல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கலாம். தட்ஸ் ஆல் ஐ டூ." நட்சத்திரம்தான் ஹெட்லைட். கோள் அதன் முன்னால் குறுக்கே போகும்போது, கோளைச் சுற்றி மெல்லிசாகக் காற்று இருந்தால், நட்சத்திர ஒளியில் துளி அந்தக் காற்றின் ஊடே வடிந்து வரும். ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த நிறத்தை விழுங்கிக்கொள்ளும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால் எந்த வாயு என்று தெரிந்துவிடும். நீ பேசப் பேச எனக்கு எங்கேயோ கேட்ட கதையாக இருந்தது.

"கரியமில வாயுவை எங்கடா தேடுவே?" என்று கேட்டேன்.

"ஃபோர் பாயிண்ட் த்ரீ மைக்ரான், அரௌண்ட் தேர்."

அகச்சிவப்பு ஒளியில் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் அது. நான் எடுக்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டேன். "சாமி, அது என்ற மெஷின் நம்பர்" என்றேன். நீ நம்பவில்லை. உன் ஃபோனில் என் கருவியின் விவரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "நோ வே, நோ வே" என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாய். எங்கேயோ இருக்கிற ஒரு கோளின் காற்றும், என் மேஜையில் ஹெர்னியாவுக்குப் படுத்திருக்கிறவரின் மூச்சும் ஒரே நிறத்தைத்தான் விழுங்குகின்றன. அந்தச் சந்தோஷத்தை எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வளர்ந்த பிள்ளை நம் வீட்டு மேஜையில் வேறு பாஷை பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன், பார்த்தால் அவன் பேசியது என் தொழில். அன்றிலிருந்து நீ வீட்டுக்கு வந்தால் நாம் இருவரும் பேசிக்கொண்டே இருப்போம். அப்பா நடுவில் வந்து, "ஏனுங்க, தமிழ்ல பேசுங்க" என்பார். நாம் பாதி தமிழில்தான் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

அதற்கப்புறம்தான் உன் கோள் வந்தது. பாறைக்கோள், நம் பூமியைவிடக் கொஞ்சம் பெரிசு, மங்கலான ஒரு சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றுகிறது. பெயர் ஃபோன் நம்பர் மாதிரி இருக்கும். அதன் நட்சத்திரத்திலிருந்து இன்றைக்கு நமக்கு வந்து சேர்கிற ஒளி, நான் கோயம்புத்தூரில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது என்று நீ சொன்னாய். நான் படித்து, கல்யாணம் ஆகி, நியூ ஜெர்சி வந்து, இங்கே எல்லாப் பரீட்சையும் திரும்ப எழுதி, உன்னைப் பெற்று, கலிஃபோர்னியாவுக்குக் குடிமாறி, இந்த வீட்டுக் கடனையும் அடைத்து முடித்தோம். அந்த ஒளி அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. விண்வெளியில் நிற்கிற அந்தப் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு உலகமே விண்ணப்பம் போடுமாம், உங்கள் குழுவுக்குக் கிடைத்தது. அந்த வாரம் அப்பா கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். நம் குருக்களுக்கு எதுவும் புதிதில்லை. ஹெச்-ஒன்-பி விசாவுக்கு, கிரீன் கார்டுக்கு, மெடிக்கல் போர்டு பரீட்சைக்கு என்று எல்லாவற்றுக்கும் அர்ச்சனை செய்து பழகியவர். "என்ன பிரார்த்தனைன்னு சொல்லுங்கோ" என்றார். "டெலஸ்கோப்புக்குங்க" என்றார் அப்பா. குருக்கள் தலையை ஆட்டிவிட்டுச் சுருக்கமாக முடித்துவிட்டார்.

முதல் தடவை பார்த்தபோது, அந்த நம்பருக்குப் பக்கத்தில் கோட்டில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. நீ எங்களிடம் ஃபோனில் சொன்னாய். சொன்னது இதுதான்: "ஏதோ இருக்கற மாதிரி இருக்கு, இன்னொரு தடவை பார்க்கணும், யார்கிட்டயும் சொல்லாதீங்க." இதில் அப்பாவின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். உன் அப்பா வாரநாள் முழுக்கச் சான்டா கிளாராவில் சிப்புகளைச் சோதிக்கிற மனிதர், பிழை இல்லாமல் ஒன்றை வெளியே விடமாட்டார். சனிக்கிழமை கோயில் சமையல்கட்டில் கரண்டியைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிடுகிறார். புளியோதரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "என்ற பையன் வேற கோள்ல காத்தைக் கண்டுபிடிச்சுட்டானுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறியிருக்கிறார். அடுத்த வாரம் நான் மளிகைக் கடையில் நிற்கிறேன். ஓர் ஆன்ட்டி ஓடிவந்து, "அங்க காத்து இருக்காமே, தண்ணியும் இருக்கா?" என்றார். அவர் பின்னாலேயே வந்த அங்கிள் இன்னும் பொறுப்பானவர். அங்கே வீடு வாங்கப்போகிறவர் மாதிரி, "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்று கேட்டார். டெக்சாஸில் காப்பெலில் இருக்கிற உன் சித்திக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது நீ ஓர் ஊரையே கண்டுபிடித்திருந்தாய். அதற்குள் நீ வீட்டுக்கு வந்திருந்தாய், விஷயம் தெரிந்து அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் உன் அறை வாசலில் வெட்டி வைத்த ஆப்பிள் தட்டோடு நின்ற கோலம் எனக்கு இன்னும் சிரிப்பு மூட்டுகிறது.

இரண்டாம் தடவை பார்த்தபோது மேடு இல்லை. கோடு தரையாக இருந்தது. நீ அந்த வாரம் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தாய். சாப்பாட்டு மேஜை முழுக்க உன் லேப்டாப்பும் காபி டம்ளர்களும். முதலில் பார்த்த மேடு கோளுடையது அல்ல, நட்சத்திரத்தின் முகத்தில் இருந்த கரும்புள்ளிகள் செய்த வேலை என்று நீயாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாய். கண்டுபிடித்துவிட்டு லேப்டாப்பை மூடி, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டாய். அடுத்த வாரம் நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழக வேலைக்கு உனக்கு நேர்காணல். நீ பல வருஷமாக ஆசைப்பட்ட இடம். அங்கே நீ பேசப்போவதாகக் கொடுத்திருந்த தலைப்பிலேயே அந்தக் கோளின் காற்று இருந்தது. கோடு தரைதான் என்று போய்ச் சொன்னால், உன் கையில் காட்டுவதற்கு ஒரு மொட்டைப் பாறை மட்டும்தான்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்று ஊர் தெரிந்துகொள்ளட்டும். உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன் தலையைக் கோதி, "ரெண்டு தடவைல ஒரு தடவை தெரிஞ்சுதே கண்ணு. இருக்குன்னு சொல்ல வேண்டாம். இருக்கலாம்னு சொல்லேன். பொய்யா அது?" என்றேன். பிள்ளை வாடினால் தாய்க்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாய்.

"அம்மா, ஓஆர்ல ட்யூப் போட்ட அப்புறம் உன் கோடு ஃப்ளாட்டா இருந்தா, 'இருக்கலாம்'னு சொல்லுவியா?"

ஓஆர் என்பது எங்கள் அறுவை சிகிச்சை அறை. என் தொழிலில் முதல் பாடம் அதுதான். நோயாளியின் தொண்டையில் குழாய் போடுகிறோம். அது மூச்சுக்குழாயில் இறங்க வேண்டும், தப்பினால் உணவுக்குழாய்க்குள் போய்விடும். கண்ணால் பார்த்தேன், சரியாகத்தான் போட்டேன் என்று எவ்வளவு நிச்சயமாக இருந்தாலும், திரையில் மேடு எழவில்லை என்றால் குழாய் சரியான இடத்தில் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவியில் கோளாறாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிற நேரத்தில் ஓர் உயிர் போய்விடும். 'கோடு தரையா இருந்தா நம்பு. உன் ஆசையை நம்பாதே' என்று புதிதாக வருகிற டாக்டர்களிடம் எத்தனை தடவை ஃபோனில் கத்தியிருக்கிறேன். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கத்தியிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ கவனிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் தட்டில் பீன்ஸ் மிச்சம் இருக்கிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"தென் ஐ கான்ட் ஈதர்" என்றாய். பிறகு எழுந்து போய்த் தோசை வார்த்துக்கொண்டாய். எனக்கும் இரண்டு வார்த்தாய். வட்டமாக வரவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

நேர்காணலில் நீ பேசியதை ஆன்லைனில் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கித் தந்திருந்தாய். நான் ஆஸ்பத்திரிக் கார் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். நீ முதல் படமாகவே அந்தத் தரைக்கோட்டைப் போட்டாய். தலைப்பில் காற்று என்று போட்டிருந்தேன், மன்னிக்கவும், நாங்கள் தேடினோம், இல்லை என்றாய். கனமான காற்று நிச்சயமாக இல்லை. மெல்லிசாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சொல்ல எங்களால் இப்போதைக்கு முடியாது. அந்த நட்சத்திரம் இளவயதில் முரட்டுத்தனமாக எரிந்திருக்கும், கோளின் காற்றை ஊதித் தள்ளியிருக்கும். இப்படி ஒவ்வொன்றாக, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாய். யாரோ ஒருவர், அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டார். "எங்கே தேட வேண்டாம் என்பதை" என்றாய். காருக்குள் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். பக்கத்துக் காரில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அந்த இடம் உனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தானா என்று யாருக்கும் தெரியாது, உன் அப்பாவுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். நீ வாடிப்போனாய், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஷேவ் செய்யாமல், சாப்பாட்டில் மனசில்லாமல் கொஞ்ச நாள் இந்த வீட்டைச் சுற்றி வந்தாய். நானும் உள்ளுக்குள் அழுதேன். இருந்தாலும் கட்டுரையை எழுதினாய். அது வெளியானதும், அதே கோளுக்குத் தொலைநோக்கி நேரம் கேட்கவிருந்த வேறொரு குழு, உங்களால் எங்களுக்கு நேரம் மிச்சம், வேறு கோளைப் பார்க்கிறோம் என்று நன்றி சொல்லி எழுதியது. அதை நீ ஏதோ மின்கட்டண ரசீதைக் காட்டுகிற மாதிரி என்னிடம் காட்டினாய். பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழக வேலை வந்தது. அவர்கள் ஏன் உன்னை எடுத்தார்கள் என்று கேட்டேன், தோளைக் குலுக்கினாய். எனக்கும் அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இப்போது உங்களிடம் இருக்கிற புதுக் கோளின் படத்தைப் போன மாதம் காட்டினாயே, பெரிய வாயுக்கோள், அதே நம்பரில் குன்று மாதிரி ஒரு மேடு, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தும் அசையாமல் நிற்கிறது. அதை என் ஃபோனில் வைத்து எங்கள் ஓஆர் நர்ஸிடம் காட்டினேன். "நல்ல ட்ரேஸ் டாக்டர், யார் பேஷன்ட்?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரொம்பத் தூரத்துல இருக்கறவர்" என்றேன்.

அப்பாவின் கதையையும் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். நீ கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அவரோடு நானும் கோயில் சமையல்கட்டுக்குப் போனேன். ஸ்கூல் விசாரித்த அதே அங்கிள் தட்டோடு வந்து, "காத்து கண்டுபிடிச்ச பையன் டெக்சாஸ் போறானாமே" என்றார். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்: "காத்து இல்லைங்க. சுத்தமா இல்லை. என்ற பையன்தான் கண்டுபிடிச்சான்." அங்கிள் குழம்பிப்போய், வாழ்த்துவதா ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் நின்றார். அப்பா அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டு அனுப்பினார்.

இப்போது உன் முதுகில் தட்டியதற்கு வருகிறேன். நீ பிறந்த நாளைப் பற்றி உனக்குத் தெரியும், நியூ ஜெர்சியில் ஒரு காலை, வெளியே பனி, அப்பா காரைத் தோண்டி எடுத்து ஓட்டி வந்தார் என்பதெல்லாம். மீதியை நான் சொன்னதில்லை. நீ பிறந்ததும் அழவில்லை. நான் படுத்திருக்கிறேன், பக்கத்து மேஜையில் உன்னை வைத்திருக்கிறார்கள், சத்தமே இல்லை. எனக்கு அந்தத் தொழில் தெரியும் என்பதால் அந்த அமைதியில் ஒவ்வொரு நொடியும் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஓர் இளம் டாக்டர், இப்போதைய உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள், உன் தொண்டையில் குழாய் போட்டாள். குழந்தைகளுக்குக் குழாயின் முனையில் ஒரு சின்ன வில்லை மாட்டுவார்கள். மூச்சில் கரியமில வாயு வந்தால் அது ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறும். அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "உள்ளே போனதைப் பார்த்தேன். ஆனால் ஊதாவாகவே இருக்கிறது. வெளியே எடுக்கிறேன்." எடுத்துவிட்டாள். தன் கண்ணை நம்பவில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படவில்லை. எடுத்து, திரும்பப் போட்டாள். "யெல்லோ" என்றாள். நான் வாய்விட்டு அழுதேன். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மஞ்சள் காமாலையா?" என்றார். கொஞ்ச நேரத்தில் நீயே குழாயை வேண்டாம் என்று உதைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாய், அந்தத் தளமே கேட்கும்படி.

சாப்பாட்டு மேஜையில் நீ 'சொல்லுவியா' என்று கேட்ட அன்றைக்கு, 'சொல்ல மாட்டேன்' என்று நான் ஒத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். யாரோ ஒருத்தி, இல்லை என்பதை உடனே நம்பியதால் எனக்குக் கிடைத்த பிள்ளை நீ. அந்தப் பிள்ளையிடம்தான் நான் 'இருக்கலாம்' என்று சொல்லச் சொன்னேன்.

புத்திமதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சித்தி வீட்டுக்கு வாரம் ஒருமுறை போ, பிரியாணி இல்லாத வாரமும் போ. டெக்சாஸ் வெயிலில் ஏசி ஃபில்டரை மறக்காமல் மாற்று. உன் கீழே படிக்கப்போகிற பிள்ளைகளில் யாராவது தரைக்கோட்டோடு வந்து தலையை மேஜையில் வைத்தால், முதலில் சாப்பிடச் சொல். நல்ல சேதி இருந்தால் என்னிடம் உடனே சொல்லிவிடு, அப்பாவிடம் இரண்டாம் தடவை பார்த்த பிறகு சொல்.

இன்னொன்றும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்ததிலிருந்து, நீ தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு விட்டதே இல்லை. கல்லூரியிலிருந்து மீசையோடு வந்து படுத்திருந்தபோதும் பார்த்திருக்கிறேன். நீ கிளம்பின அன்று காலையும், சாமானெல்லாம் காரில் ஏற்றிவிட்டுச் சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனாய். வெயில் உன் சட்டையில் விழுந்திருந்தது. நான் காபியோடு வந்து, எப்போதும் போல நின்று, உன் மார்பு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"அம்மா, சிக்னல் இருக்கா?"

"இருக்கு சாமி" என்றேன். "நல்லா இருக்கு."

உன்,
அம்மா